காடு பார்க்கப் பூட்டிய வீடு

அன்று ஜீப்பில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அக்கா, நான், வண்டி ஓட்டிய மாமா, நாங்கள் கூப்பிடாமலேயே ஏறிக்கொண்ட ஏழு பேர், கூரைமேல் கயிற்றால் கட்டிவைத்த திருவிழா அண்டா. இல்லாதவை யானை, புலி, சிறுத்தை, காட்டெருமை. யாரைப் பார்ப்பதற்காகப் புறப்பட்டோமோ அவர்களில் ஒருவர்கூட எங்களுக்குத் தரிசனம் தரவில்லை.

நான் பத்தாம் வகுப்பு தேறிய வருடம் அது. எங்கள் வீட்டில் பத்தாவது வரை போன முதல் ஆள் நான். அக்கா எட்டோடு நின்றுவிட்டாள். ஆட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், அம்மாவுக்கு ஒரு துணை வேண்டும் என்று அப்போது சொன்னார்கள். என் பரீட்சை முடிவைக்கூட அவள்தான் ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்று தன் போனில் பார்த்துச் சொன்னாள். புளி கொட்டை எடுத்த கூலியில் வாங்கிய போன். அந்தப் பாறையைத் தவிர எங்கள் ஊரில் வேறெங்கும் டவர் கிடையாது.

தேறினால் கேட்டதை வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வாட்ச், மிஞ்சினால் ஒரு ஜோடி ஷூ என்று மனதுக்குள் விலை போட்டு வைத்திருப்பார். நான் டூர் கேட்டேன். என்னோடு விடுதியில் தங்கிப் படித்த அடிவாரத்துப் பையன்கள் லீவு முடிந்து வரும்போதெல்லாம் எங்கேயோ போய்வந்த கதையோடு வருவார்கள். என்னிடம் இருந்த கதை ஆடு மேய்த்தது மட்டும்.

"முதுமலைக்குப் போவணும்பா."

"அங்க இன்னாடா இருக்குது?"

"தேசியப் பூங்கா. பெரிய காடு."

அப்பா திரும்பி வீட்டின் பின்பக்கம் பார்த்தார். சுவர் முடிந்த இடத்தில் காடு தொடங்கி அடுத்த மலை வரைக்கும் போயிருந்தது.

"அப்ப இது இன்னா, காய்கறித் தோட்டமா?"

"இது சும்மா காடுப்பா. அத பாக்க டிக்கெட்டு எடுக்கணும்."

டிக்கெட் என்ற சொல் வேலை செய்தது. காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள் என்றால் உள்ளே ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கும்.

திட்டம் போடும் பொறுப்பைப் பத்தாவது தேறியவன் என்ற முறையில் நானே எடுத்துக்கொண்டேன். மாமாவின் ஜீப்பில் அமிர்தி வழியாக வேலூர், காட்பாடியில் ராத்திரி ரயில், மேட்டுப்பாளையம், ஊட்டி, முதுமலை. பள்ளிக்கூட அட்லஸில் நூல் வைத்து அளந்து பார்த்ததில் மொத்தத் தூரமும் நான்கு விரல்கடைகூட வரவில்லை. அதை அப்பாவிடம் காட்டினேன். "அவ்ளோதானா? அப்ப சோறு கட்டத் தேவையில்ல" என்றார்.

அக்காவுக்குப் பதினேழு வயது. அவளுக்கு இந்தத் திட்டத்தில் எதுவுமே பிடிக்கவில்லை.

"அங்க டவர் இருக்குமா?"

"காட்டுல எப்படி இருக்கும்?"

"டவர் இல்லாத எடத்துல இருந்து கெளம்பி, ராத்திரி பூரா ரயில்ல குந்திக்கினு, டவர் இல்லாத எடத்துக்குப் போறதுக்குப் பேரு டூரா? மெட்ராசுக்குப் போலாம்டா. கடல் இருக்கு. தானா ஏர்ற படிக்கட்டு இருக்கு."

"மெட்ராஸ்ல யானை இருக்கா?"

"யானைக்கு ஒன்ன தெரியுமா?"

இப்படியே பல நாள் ஓடியது. கடைசியில் மாமா பஞ்சாயத்து செய்தார். முதுமலையில் டவர் இல்லாவிட்டாலும் ஊட்டியில் இருக்கும், அங்கே ஒரு மணி நேரம் தங்கி அக்காவை இஷ்டம்போல் போன் பார்க்க விடுவது என்று தீர்ப்பு. அக்கா ஒப்புக்கொண்டாள். ஆனால் இன்னொரு நிபந்தனை போட்டாள்.

"அம்மாவும் வரணும். அம்மா வரலன்னா நானும் வரல."

என் திட்டத்தில் அம்மா கிடையாது. வேண்டுமென்று விட்டதில்லை, வீட்டில் யாராவது ஒருத்தர் இருப்பது என்பது சுவர் இருப்பதுபோல அவ்வளவு இயல்பான விஷயம். எங்கள் வீடு மொத்தமாக வெளியே போனதே இல்லை. சாவோ வாழ்வோ, ஒரு ஆள் தங்கிவிட வேண்டும். அந்த ஒரு ஆள் பெரும்பாலும் அம்மா, மற்ற நேரங்களில் அக்கா. மாமாவின் கல்யாணத்துக்கே அம்மா தாலி கட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கென்று ஒரு ஆடு குட்டி போட்டுவிட்டது. "எங்கக்காவுக்கு என் கல்யாணத்தவிட ஆட்டுப் பிரசவம்தான் பெருசு" என்று மாமா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நான் வந்து இன்னாத்த பாக்கப் போறேன்? நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. அக்கா முறத்தைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"ஆட்ட அத்தை பாத்துக்கும். கோழிய கூடையில போட்டு அத்தை வூட்லயே உட்டுடலாம். வேற இன்னா?"

"வூடு?"

"பூட்டிக்கினு போவோம்."

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் பூட்டு இல்லை. எங்கள் ஊரிலேயே இல்லை. வெளியே போகிறவர்கள் கதவைச் சாத்தி, குறுக்கே ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பார்கள். குச்சி இருந்தால் ஆள் இல்லை, இதோ வந்துவிடுவார்கள் என்று அர்த்தம். நாய்கூட அதை மதிக்கும். பூட்டுப் போடுவது மலையை விட்டே போகிறவர்கள்தான். குடகுப் பக்கம் காப்பி எஸ்டேட் வேலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பூட்டிவிட்டுப் போவார்கள். சிலர் திரும்பி வருவார்கள். சில வீடுகளில் பூட்டு மட்டும் துருப்பிடித்துத் தொங்கும்.

நூற்றெழுபது ரூபாய்க்கு ஜமுனாமரத்தூரில் பூட்டு வாங்கினோம். கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "எந்த எஸ்டேட்டு?" என்று கேட்டார்.

"முதுமலை" என்றேன் பெருமையாக.

"அங்க கூலி இன்னா குடுக்கறான்?" என்றார் அவர். நான் அவருடைய பொது அறிவுக்காக வருந்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

பூட்டு வந்த பிறகுதான் அதை மாட்டக் கதவில் கொண்டி இல்லை என்பது தெரிந்தது. பயணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அப்பா கொண்டி அடித்தார். ஒரு ஆணி கோணினால் பிடுங்கி இன்னொன்று. அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. இந்தப் பக்கம் அக்கா ஆடுகளை அத்தை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். அம்மா பாத்திரங்களையெல்லாம் கழுவிக் கவிழ்த்தாள். மாமா ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எஸ்டேட்டுக்குப் போகிற குடும்பம் கிளம்பும் முன்னால் வரிசையாக என்னென்ன செய்யுமோ அத்தனையும் ஒன்று விடாமல் நாங்கள் செய்து முடித்திருந்தோம். அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ராத்திரி ரயிலைத் தவறவிடக் கூடாதென்று விடியற்காலையிலேயே பைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது முதலில் வந்தது அத்தை, அதுவும் அழுதுகொண்டே.

"கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா? ரெண்டு ஆட்ட கையில புடிச்சிக் குடுத்துட்டா ஆச்சா?"

"மூணு நாளுல வந்துடுவோம்க்கா" என்றார் அப்பா.

"எல்லாரும் அப்பிடித்தான்டா சொல்லிட்டுப் போறாங்க!"

அடுத்து ஒருவர் வந்து, அப்பா இரவல் வாங்கியிருந்த கடப்பாரையைப் பற்றி மெதுவாக விசாரித்தார். இன்னொருவர் எதுவும் கேட்காமல் எங்கள் பலாமரத்தின் அடியில் நின்று அண்ணாந்து காய்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் ஊர் நாட்டாமை வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. அவர் வந்ததும் அம்மா வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"எங்கப்பா பயணம்?"

"முதுமலைக்குண்ணா."

"இன்னாத்துக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். படித்தவன் சொல்லட்டும் என்று அர்த்தம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "காடு பாக்கப் போறோம் பெரியப்பா" என்றேன்.

பலாமரத்தடியில் நின்றவர்கூட எண்ணுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"தம்பி," என்றார் நாட்டாமை அப்பாவிடம், ரொம்பப் பொறுமையாக. "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். கல்யாணம்னு சொல்லு, கோர்ட்டு கேசுன்னு சொல்லு, கண்ணாஸ்பத்திரின்னு சொல்லு, நம்பறேன். காட்டுல குந்திக்கினு காடு பாக்கப் போறேன்றியே. அதுவும் பெத்த புள்ளைய சொல்ல வெச்சி."

"நெசமாத்தான்ணா. டிக்கெட்டெல்லாம் உண்டு."

"சரி, போ. நானா தடுக்கறேன்? சாமி அண்டா எங்க?"

அண்டாவை நாங்கள் மறந்தே போயிருந்தோம். திருவிழாவுக்குக் கூழ் காய்ச்சுகிற பெரிய பித்தளை அண்டா வருடத்துக்கு ஒரு வீட்டில் முறை வைத்து இருக்கும். அந்த வருடம் எங்கள் முறை. வீட்டு மூலையில் தானியக் குதிருக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதற்கென்று சில விதிகள் உண்டு. அதில் முதல் விதி, பூட்டிய வீட்டில் அண்டா இருக்கக் கூடாது. சாமியைச் சிறையில் போட்டதுபோல ஆகிவிடும். ஊரில் யாரும் பூட்டாததால் அந்த விதியைச் சோதிக்கிற சந்தர்ப்பம் அதுவரை வந்ததில்லை.

"அத வேற வூட்ல வெச்சிக்கோங்கண்ணா."

"முறை முடியாம வூடு மாத்தக் கூடாது. ஒரு ஆளு இருங்க. பூட்ட கழட்டிட்டு மத்தவங்க போங்க. அவ்ளோதான்."

ஒரு ஆள் என்று சொன்னதும் எல்லார் கண்ணும் தானாகக் கதவுக்குப் பின்னால் போயிற்று. அம்மா பெட்டியில் கிடந்த பச்சைப் புடவையை அன்றைக்குக் கட்டியிருந்தாள். தலையை ஆட்டிக்கொண்டே புடவை முந்தியை இடுப்பில் செருகினாள், வேலைக்குத் தயாராகிறவள் போல. அதற்குள் அக்கா ஜீப்பிலிருந்து குதித்தாள். காலில் இருந்த புதுச் செருப்பைக் கழற்றி ஜீப் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"நான் இருக்கறேன். அம்மா போவட்டும்."

என் திட்டம் மறுபடியும் மூன்று டிக்கெட்டுக்கே வந்து நின்றது. மாமா வண்டியைக் கிளப்ப உள்ளே ஏறினார்.

"அண்டாவும் வரட்டும்."

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலை யார் குரல் என்று எல்லோரும் தேடினார்கள். அம்மா வெளியே வந்து வாசலில் நின்றாள். நாட்டாமைக்கு எதிரில் அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை.

"இன்னாது?"

"பூட்டுன வூட்ல அண்டா இருக்கக் கூடாது. சரி. அப்ப எங்ககூட வரட்டும். எம் பொண்ணு செருப்ப மாட்டிக்கினு மேல ஏர்றா."

நாட்டாமை தாடையைத் தடவினார். விதிகளை மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். "எல்லை தாண்டுனா நான் கூட வரணும்."

"வாங்க."

"ஊர்ல இருக்கற அஞ்சு வகையறாவுக்கும் ஒவ்வொருத்தர் வரணும்."

"வரட்டும்."

"வெளக்கு வெக்கறதுக்குள்ள அண்டா ஊருக்குத் திரும்பணும்."

அம்மா இங்கே ஒரு கணம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள், செருப்பை மறுபடியும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தாள். "திரும்பிடலாம்" என்றாள்.

என் முதுமலை அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. ரயில் போயிற்று, ஊட்டி போயிற்று. "யம்மா!" என்று நான் போட்ட கூச்சலை யாரும் பொருட்படுத்தவில்லை.

"அழுவாத மாப்ள," என்றார் மாமா. "அமிர்திக்குப் போய்ட்டு வந்துடலாம். அதுவும் காடுதான். டிக்கெட்டு உண்டு."

அண்டாவைக் கூரைமேல் ஏற்றினார்கள். நாட்டாமை முன்சீட்டில் உட்கார்ந்தார், ஐந்து வகையறாக்கள் பின்னால் நெருக்கியடித்து ஏறின, ஐந்தாவது ஆள் பலாக்காய் எண்ணியவர். அழுதது வீணாகப் போக வேண்டாமென்று அத்தையும் ஏறிக்கொண்டாள். ஆடுகளை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு, "என் வூட்டுக்காரு இருக்காரில்ல" என்றாள். அம்மா கடைசியாக வந்தாள். பூட்டைப் போட்டு ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். இரண்டடி வந்து, திரும்பிப் போய் மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அண்டா கூரையில் இடித்துக் கோயில் மணிபோல் முழங்கியது. வழியில் இருந்த ஊர்களில் சாமி வருகிறது என்று ஆட்கள் வெளியே வந்து கும்பிட்டார்கள். ஓரிடத்தில் ஒரு பெண் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து ஜீப்பின் சக்கரத்தில் ஊற்றினாள். நாட்டாமை முன்சீட்டிலிருந்து கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். அக்கா முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, "யாராவது வீடியோ எடுத்துட்டாங்கன்னா நான் செத்தேன்" என்றாள்.

அமிர்தியில் வனத்துறைப் பூங்காவின் வாசலில் வண்டியை நிறுத்தினோம். அண்டாவோடு வந்தவர்களின் செலவு அண்டா இருக்கிற வீட்டைச் சேர்ந்தது என்ற இன்னொரு விதி அங்கேதான் வெளியே வந்தது. அப்பா பணத்தை எடுத்தார். அடுத்த பிரச்சினை அண்டா. அதை உள்ளே தூக்கிக்கொண்டு போக முடியாது, வெளியே தனியாக விடவும் முடியாது.

"யாராவது ஒருத்தர் வண்டியில இருங்க" என்றார் நாட்டாமை.

அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் வாங்குகிற இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அப்பா கொஞ்ச நேரம் அவள் முதுகையே பார்த்தார். பிறகு ஜீப்பின் பின்படியில் ஏறி உட்கார்ந்து, "நான் இருக்கறேன். ஒரு டிக்கெட்டு கொறையும்" என்றார்.

உள்ளே போனதும் நாட்டாமைக்கு உற்சாகம் வந்துவிட்டது. முதல் வேலிக்குள் புள்ளிமான்கள் நின்றன.

"இதுங்களா? இதுங்க என் அவரைக் கொல்லைய மேஞ்ச கூட்டமாச்சே! எப்ப புடிச்சாங்க?"

முள்ளம்பன்றிக் கூண்டின் முன்னால் அவர் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏன்டா, ரெண்டு வருசம் என் மரவள்ளிக் கெழங்க தோண்டித் தின்னியே. இப்ப தின்னு பாக்கலாம்." பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கவர்ன்மெண்ட்டு நடவடிக்கை எடுக்காம இல்லப்பா. நாமதான் கொற சொல்றோம்" என்றார். சாமைக் கதிரைக் கொத்தும் மயிலையும் அத்தை அடையாளம் கண்டு திட்டினாள். ஐந்து வகையறாக்களும் கூண்டு கூண்டாகப் போய்த் தங்கள் பழைய எதிரிகளை விசாரித்தார்கள். பக்கத்தில் வந்த வேலூர்க் குடும்பம் ஒன்று மிருகங்களை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தது. அவர்களுடைய பையன் என் வயதுக்காரன். நான் சற்றுத் தள்ளி, வேறு கூட்டத்தைச் சேர்ந்தவன்போல் நடந்தேன்.

அங்கே டவர் இருந்தது. அக்கா அம்மாவை மான் வேலியின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். கழுத்தை இப்படி வை, சிரி, சாவியை உள்ளே தள்ளு என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். அம்மா சாவியை மட்டும் உள்ளே தள்ளவில்லை.

மான்களுக்குத் தழை போட ஒரு காவலர் வந்தார். அம்மா அவரிடம் போய், "ஏங்க, நோம்பு நாளு, லீவு நாளுல்லாம் நீங்க ஊருக்குப் போய்ட்டா இதுங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாரும் போவ முடியாதும்மா. யாராவது ஒருத்தர் இருந்துதான் ஆவணும்."

அம்மா சிரித்தாள். முதலில் லேசாக, அப்புறம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அக்காவும் சேர்ந்துகொண்டாள். காவலர் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. கூண்டில் இருக்கும் மானைப் பார்த்து இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எரிச்சல்தான் வந்தது. வெளியே வந்தபோது அப்பா அண்டாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் கடலை விற்பவர் அந்த அண்டா என்ன விலை என்று நான்கு முறை கேட்டாராம், வேறொன்றும் நடக்கவில்லையாம். "உள்ள இன்னா இருந்துது?" என்று கேட்டார். "நம்ம ஊருதான்" என்றாள் அம்மா.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊர் வந்து சேர்ந்தோம். பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா திறந்தாள், அண்டா மூலைக்குப் போனது, அத்தை வீட்டிலிருந்து ஆடுகள் வந்தன. பூட்டை ஆணியில் மாட்டிய அம்மா சாவியை மாட்டவில்லை. அது அவளோடேயே இருந்தது. அடுத்த தை மாதம் அவளுடைய ஊர்த் திருவிழாவுக்கு நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தே போனோம். வாசலில் பூட்டைப் பார்த்து யாரும் அழவில்லை. அண்டா முறை அப்போது பலாக்காய் எண்ணியவர் வீட்டுக்குப் போயிருந்தது.

அமிர்தி போய்வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் நான் செலவைக் கூட்டினேன். டூர் கெட்டுப்போன கோபத்தில், எவ்வளவு வீணாயிற்று என்று எல்லோருக்கும் காட்டிவிடுவதுதான் என் நோக்கம். ஜீப்புக்கு டீசல், பதினோரு டிக்கெட், பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு, டீ, அத்தை கேட்டு வாங்கிய வளையல், கடைசியாகப் பூட்டு. இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது என்றேன்.

"பூட்ட இதுல சேக்காத" என்றாள் அம்மா, படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டே.

"ஏன்? டூருக்காகத்தான வாங்குனோம்?"

அக்கா போனில் எடுத்த படங்களிலிருந்து தலையைத் தூக்கி, "சொன்னா செய்டா, பத்தாவது" என்றாள். ஏன் கழிக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கணக்கில் தப்பு வந்தால் பொறுப்பு அவர்களுடையது என்று சொல்லிவிட்டு நூற்றெழுபதைக் கழித்தேன். காடு பார்க்கப் போனதற்கு ஆன மொத்தச் செலவு இரண்டாயிரத்து நூற்று எண்பது ரூபாய்.